பையன் யாருடைய பேட்டிங்கைப் பார்க்க வேண்டும்?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையனுக்கு 14 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்து மேட்ச், பள்ளி அணிக்காக லெதர் பந்தில் 30 ஓவர் மேட்ச். நன்றாகத்தான் அடிக்கிறான், ஆனால் 15, 20 ரன்னில் தூக்கி அடித்து கேட்ச் கொடுத்துவிட்டு வருகிறான். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் போனில் சிக்சர் வீடியோ. தாத்தா ரிச்சர்ட்ஸ், சச்சின் என்கிறார், மாமா தோனி, கோலி என்கிறார். "எனக்கு கிரிக்கெட் தெரியாது, இவன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள்" என்பது கேள்வி.

பெயர் சொல்வதற்கு முன்னால், கிரிக்கெட் தெரியாத நீங்களே செய்யக்கூடிய ஒரு சின்னக் கணக்கு. எந்த ஸ்கோர்கார்டை எடுத்தாலும் பேட்ஸ்மேன் பெயருக்கு நேராக எத்தனை பவுண்டரி, எத்தனை சிக்சர் என்று இருக்கும். பவுண்டரியை 4-ஆல் பெருக்குங்கள், சிக்சரை 6-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி மொத்த ரன்னில் கழியுங்கள். மீதி இருப்பது அவர் ஓடி எடுத்தது. போன் வீடியோவில் வராத ரன் அதுதான்.

2012 மார்ச்சில் மிர்பூரில் பாகிஸ்தானுக்கு எதிராக கோலி அடித்த 183-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு 330, முதல் ஓவரிலேயே கம்பீர் ரன் எடுக்காமல் அவுட். கோலி அடித்தது 22 பவுண்டரி, ஒரே ஒரு சிக்சர். அதாவது 94 ரன். மீதி 89 ரன் ஓடியது! 2011 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் கம்பீரின் 97-ல் 9 பவுண்டரி மட்டும்தான், சிக்சரே இல்லை, 61 ரன் ஓடியே வந்தது. அதே மேட்சில் தோனியின் 91-ஐ ஊரே கடைசி சிக்சராகத்தான் நினைவு வைத்திருக்கிறது, ஆனால் அதிலும் 47 ரன் ஓடியது. 2023 உலகக்கோப்பை அரையிறுதியில் கோலி தன் 50-வது ஒருநாள் சதத்தை அடித்தாரே, அந்த 117-ல் 69.

சரி, எல்லாப் பெரிய இன்னிங்ஸும் இப்படியா என்றால் இல்லை. 2015-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவின் டி வில்லியர்ஸ் 31 பந்தில் சதம் அடித்து 44 பந்தில் 149 எடுத்தார், 9 பவுண்டரி, 16 சிக்சர், ஓடியது வெறும் 17. 2023-ல் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்வெல் எடுத்த 201-ல், தசைப்பிடிப்பால் கடைசியில் ஓடவே முடியாமல் நின்ற இடத்திலிருந்தே அடித்தார், 144 ரன் பவுண்டரியும் சிக்சரும். இதெல்லாம் பார்த்து ரசிக்க வேண்டியவை. 14 வயதில் காப்பியடிக்க வேண்டியவை அல்ல. டி வில்லியர்ஸ் அன்றைக்குக் களமிறங்கும்போது முதல் விக்கெட்டுக்கே 247 ரன் வந்துவிட்டிருந்தது என்பதை அந்த வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை.

தாத்தா சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. வெஸ்ட் இண்டீசின் ரிச்சர்ட்ஸ் ஒருநாள் போட்டிகளில் 47 சராசரி, 100 பந்துக்கு 90 ரன் என்ற வேகத்தில் ஆடியவர், அதுவும் அந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்காத காலத்தில். 1984-ல் மான்செஸ்டரில் அவர் அடித்த 189 நாட் அவுட்டில் கடைசி விக்கெட்டுக்கு மட்டும் ஹோல்டிங்குடன் சேர்ந்து 106 ரன், அவுட் ஆகாமல். இப்போது ஒருநாள் போட்டியில் ரன் ஏறுவதற்கு விதிகளும் ஒரு காரணம். 2011 முதல் இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து வந்தது, பந்து பழசாகி ரிவர்ஸ் ஸ்விங் ஆவது (காற்றில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது) குறைந்தது, 2012-லிருந்து நடு ஓவர்களில் மைதானத்தில் போட்டிருக்கும் உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் நான்கு பேர்தான் நிற்கலாம் என்றார்கள். (2025 ஜூலையிலிருந்து 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்று மறுபடி மாற்றியிருக்கிறார்கள்.) ஆகவே தாத்தா காலத்து 90-ஐயும் இன்றைய 90-ஐயும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. ஆனால் ரிச்சர்ட்ஸ் மிடில் ஸ்டம்ப் பந்தை லெக் சைடுக்கு (ஆட்டக்காரனின் கால் பக்கம்) விரட்டுவதைப் பார்த்து உங்கள் பையன் செய்தால் கால்காப்பில் பட்டு எல்.பி.டபிள்யூ. ஆவதுதான் நடக்கும். தாத்தாவிடம் பதமாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் 2010 குவாலியரில் சச்சின் அடித்தது என்று அவர் சொன்னால், அது ஆண்களில். 1997-லேயே மும்பையில் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் 229 அடித்துவிட்டார்.

என்னைக் கேட்டால் உங்கள் பையன் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டில் யாரும் சொல்லாத ஒருவரை: ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன். 232 ஒருநாள் போட்டி, 6,912 ரன், சராசரி 53-க்கு மேல். 67 முறை நாட் அவுட்டாக நின்றதால்தான் அந்தச் சராசரி என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். சராசரி என்பது ரன்னை அவுட்டான எண்ணிக்கையால் வகுப்பதுதானே, அதில் நாட் அவுட்டுக்கு லாபம் உண்டு, உண்மைதான். ஆனால் சேஸிங்கில், அதாவது இலக்கைத் துரத்தும்போது, நாட் அவுட் என்றால் பெரும்பாலும் மேட்ச் முடியும்வரை நின்றார் என்று அர்த்தம். 1996 புத்தாண்டு தினத்தில் சிட்னியில், வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 173 இலக்கு, ஆஸ்திரேலியா 38-க்கு 6 விக்கெட். அங்கிருந்து பெவன் 78 நாட் அவுட், கடைசிப் பந்தில் நேராக ஒரு பவுண்டரி. அந்தக் கடைசிப் பவுண்டரியை மட்டும் காட்டும் வீடியோ வேண்டாம். நீளமாகக் கிடைப்பதைத் தேடி, ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எங்கே போகிறது, எதிர்முனையில் நிற்பவர் எப்போது கிளம்புகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அடுத்து கோலியின் சேஸிங் இன்னிங்ஸ்கள், அப்புறம் தோனி. சச்சினையும் ரோகித்தையும் இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம், அவர்கள் முதலில் இறங்கும் ஓபனர்கள், உங்கள் பையன் நான்காவதாக இறங்குபவன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு பருவமழையும் கிடைக்கிற ஊர் இது, மைதானங்களில் புல் அடர்ந்து ஈரமாகவே கிடக்கும். தரையோடு நன்றாக அடித்த பந்துகூட எல்லைக்கோட்டுக்குப் போகாமல் நடுவிலேயே நின்றுவிடும். அதில் இரண்டு ரன் ஓடத் தெரிந்தவனுக்குத்தான் ஸ்கோர். டென்னிஸ் பந்து மேட்ச் வேறு கதை, தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தால் சிக்சர், எட்டு ஓவரில் ஆட்டம் முடிந்துவிடும். அங்கே லெக் சைடில் மிட்விக்கெட் பக்கம் குறுக்கே இழுத்து அடித்துப் பழகிய கை, லெதர் பந்து கொஞ்சம் ஸ்விங் ஆனதும் மேலே கேட்சாகத் தூக்கிவிடுகிறது. அவன் அவுட் ஆவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். டென்னிஸ் பந்தை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் மாட்டான். பள்ளி மேட்சுக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம் என்றால் போதும்.

பயிற்சிக்கு ஒன்றே ஒன்று. நான்கு ஜோடி செருப்பை ஃபீல்டர் மாதிரி வைத்து, 12 பந்து போடச் சொல்லி, தரையோடு மட்டும் அடித்து இடைவெளியில் தள்ளி 10 ரன் ஓட வேண்டும், பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கால்காப்பும் கட்டிக்கொண்டு. தூக்கி அடித்தால் அவுட். முதல் ரன்னை வேகமாக ஓட வேண்டும், இரண்டாவது ரன் அங்கேதான் கிடைக்கிறது. மேட்ச் முடிந்ததும் "எத்தனை சிக்சர்டா?" என்று மாமா கேட்பார், நீங்கள் எத்தனை டாட் பால் (ரன் எடுக்காத பந்து) என்று கேளுங்கள், ஸ்கோர் புத்தகத்தில் புள்ளியாகப் போட்டிருக்கும், எண்ணினால் தெரியும்.

சச்சின் போல கனமான பேட் கேட்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். சச்சின் கனமான பேட் பிடித்தவர்தான், அவர் கைக்கு அது பழகியிருந்தது. கடையில் பேட்டைக் கைப்பிடியின் மேல்முனையில், மேலே பிடிக்கும் கையால் மட்டும் பிடித்து (வலதுகை ஆட்டக்காரன் என்றால் இடதுகை), தோளுக்கு நேராக முன்னால் நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் பேட் கீழே இறங்கினால் அதை அங்கேயே வைத்துவிட்டு அதைவிட லேசான ஒன்றை எடுங்கள்.