தெருப்பூனைக் குட்டியை எடுத்து வந்து பத்து நாளாகிறது, கட்டிலுக்கடியிலேயே கிடந்து சீறுகிறது. பழகுமா, திரும்ப மாடியிலேயே விட்டுவிடலாமா?

பத்து நாள்தானே? எங்கள் வீட்டில் பதினேழு நாள்.

உங்கள் குட்டிக்கு எட்டு வாரமாவது இருக்கும் என்று நினைக்கிறேன். அதுவரை மனுஷ வாடையே இல்லாமல் வளர்ந்திருக்கும். பூனைக்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் ஆளோடு ஒட்டுகிற பருவம். அந்த நாட்களில் கை பட்டால் நம்மையும் தாயோடு சேர்த்து வரவில் எழுதிக்கொள்ளும். தாண்டிவிட்டால் நாம் பற்றுப் பக்கம். மாற்றி எழுத வைக்கலாம், நாளாகும். (மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன் நான், உவமையும் அப்படித்தான் வரும்.)

எங்கள் கதை 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. மதுரையில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெட்டைப் பூனை நாலு குட்டி போட்டிருந்தது. சோறு வைத்தால் நாங்கள் கீழே இறங்கிய பிறகுதான் வந்து தின்னும். ஒரு ராத்திரி கடுவன் வந்து ஒரு குட்டியைக் கடித்துப் போட்டுவிட்டது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, விடிவதற்குள் தாய் இரண்டு குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஒன்று மட்டும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் விழுந்து கத்திக்கொண்டிருந்தது. மிஞ்சியதால் அதற்கு மிச்சம் என்று பெயர்.

“தாயிடமிருந்து பிரித்துவிட்டீர்களே” என்று எழுத வருகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாள் மத்தியானம் வரை மாடிக் கதவுக்குப் பின்னால் மாறி மாறி நின்று பார்த்தோம். தாய் வரவில்லை, மழைதான் வந்தது. அதற்கப்புறம்தான் எடுத்தோம். பிள்ளை இல்லாத வீட்டில்தான் பூனை வளர்ப்பார்கள் என்று சொல்லவும் நாலு பேர் வருவார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் கல்லூரி ஃபீஸ் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மாடியில் பதித்த தட்டோடுகள் பெயர்ந்திருக்கின்றன, சரிசெய்ய வேண்டும் என்று ஓனர் வீட்டுக்கு வீடு மூவாயிரம் வாங்கினார். நாலு வருஷம் ஆகிறது. ஐப்பசி பிறந்தால் எங்கள் குளியலறைக்குள் சொட்டுகிறது, வாளி வைத்துப் பிடிக்கிறோம். போய்க் கேட்டால், உங்கள் பூனைதான் தட்டோட்டைப் பிராண்டிவிட்டது என்கிறார். மூன்று கிலோ ஜீவன் சுண்ணாம்புக் காரையைப் பிராண்டுமா? ரசீதும் தரவில்லை. சரி, அது வேறு பஞ்சாயத்து.

சந்தில் கையை விட்டபோதே கட்டைவிரலுக்குக் கீழே நன்றாகக் கடித்துவிட்டது. அவசரத்தில் வெறுங்கையோடு போனது என் தப்பு, கனமான துண்டால் போர்த்தித் தூக்கியிருக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் ஒவ்வொன்று என்று ஊசி போட்டார்கள். உங்களையும் கடித்திருந்தால் குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை.

வீட்டுக்குள் விட்டதும் பீரோவுக்குப் பின்னால் போனதுதான். பசும்பால் வைத்து வயிற்றால் போக வைத்தேன், அதற்குக் கால்நடை டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு கரிமேட்டில் சாளை வாங்கி, உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து வைத்தோம். கூடவே குட்டிகளுக்கான பாக்கெட் தீனி. பழைய பேசினில் மணல் கொட்டி வைத்தோம். அதை மட்டும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, முதல் ராத்திரியே போய்விட்டு மூடியும் வைத்திருந்தது.

தினம் ராத்திரி ஒன்பதரைக்குத் தட்டை வைப்பேன். ஒரு முழம் தள்ளி, பீரோவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன். நம் குரல் அதன் காதுக்குப் பழக வேண்டும். நேராகக் கண்ணைப் பார்த்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறோம் என்று எடுத்துக்கொள்ளும், அதனால்தான் முதுகு. “பூனைக்கு ராசிபலன் வாசிக்கிற ஆளை இப்பத்தாங்க பாக்குறேன்” என்றாள் என் மனைவி.

பதினெட்டாம் நாள் பீரோ காலுக்குப் பக்கத்தில் முதலில் மீசை தெரிந்தது. அப்புறம் ஒரு முன்னங்கால், பாதிக் காற்றில், வைக்கலாமா வேண்டாமா என்று. எவர்சில்வர் தட்டை அது நக்க நக்கத் தட்டு நகர்ந்து, சுவரில் ‘ணங்’ என்று இடித்ததும் ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டது. நான் மூச்சுக்கூட விடவில்லை. ஐந்து நிமிஷத்தில் திரும்ப வந்து மீதி வைத்ததையும் தின்றது.

நாலாம் மாதம் காய்ச்சல். பக்கத்து மருந்துக்கடையில் குழந்தைக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சொட்டு மருந்தையே இரண்டு சொட்டு விடச் சொன்னார்கள். பாட்டிலைத் திறந்தும் விட்டேன். மனைவிதான் டாக்டருக்குப் போன் போட்டாள். “அதை ஊத்துனா பூனை செத்துரும்மா” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாதாம், ரத்தம் கெட்டு ஈறு பழுப்பாகிவிடுமாம். நாய்க்கு விடுகிற உண்ணி மருந்தும் இதே கதைதான், சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கருத்தடையைப் பாவம் என்று தள்ளிப்போட்டேன். ஆறாம் மாதம் ராத்திரி முழுக்கக் கத்த ஆரம்பித்து, கீழ்வீட்டு அத்தை படியேறி வந்த பிறகுதான் புத்தி வந்தது. இயற்கைக்கு விரோதம் என்று வாதாடுகிறவர்கள், சினைப் பிடித்தால் ஒன்பது வாரத்தில் ஒரு ஈற்று, வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டிக்குப் பின்னால் அந்தக் கணக்கு எப்படி முடிந்தது என்று பார்த்தவன் நான்.

பழகுமா என்று கேட்டீர்கள். மடியில் வந்து படுக்குமா என்ற அர்த்தத்தில் கேட்டால், எங்களுடையது இன்றுவரை படுத்ததில்லை. தூக்கினால் உடம்பு விறைக்கும். என் மச்சினன் வளர்க்கிற பாரசீகப் பூனை யார் மடியிலும் மெத்தை மாதிரி கிடக்கும். “மச்சான், இது நீங்க வளக்குற பூனையா, இல்ல உங்க வீட்டுல குடியிருக்கா?” என்று போன பொங்கலுக்கு எல்லார் முன்னாடியும் கேட்டான். சிரித்து வைத்தேன், ஆனால் மனசில் இருக்கிறது. அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சாப்பாடு வைப்பதெல்லாம் இப்போது என் மனைவிதான், ஆனால் பிடித்த கரப்பானைக் கொண்டுவந்து போடுவது என் இடது செருப்பில் மட்டும். நான் கணக்கு நோட்டை விரித்தால் வந்து உட்காரும், அதே ஒரு முழம் தள்ளி. மார்கழிக் குளிரில் அது ஒரு சாணாகும்.

மாடியில் திரும்ப விடாதீர்கள். தாய் அங்கே இருக்காது, கடுவன் இருக்கும். பெரிய அறையென்றால் சின்ன அறைக்கு மாற்றுங்கள். ஒளிய ஓர் அட்டைப்பெட்டி போதும். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதையும் விளக்குமாற்றை விட்டுத் துழாவுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ராத்திரி தட்டை வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையாவது படியுங்கள். ராசிபலன் என்றாலும் பரவாயில்லை.