ஷண்டிங் லோகோ வாங்கும்போது பார்க்க வேண்டியது குதிரைத்திறனா, எடையா?

கேள்வி: எங்கள் ஆலையின் தனிச் சைடிங்கில் (ஆலைக்குள் வரும் கிளை ரயில் பாதையில்) சரக்கேற்றிய 5 வேகன்களை ஒன்றாக நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 80 டன். பாதையில் ஓரிடத்தில் 200-க்கு 1 ஏற்றமும் (200 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்வது), அங்கேயே ஒரு வளைவும் உண்டு. வேகன்களைப் பிரித்துச் சேர்த்து நகர்த்தும் பழைய டீசல் ஷண்டிங் லோகோக்கள் இரண்டு விலைக்கு வந்துள்ளன. ஒன்று 4 சக்கரம், 28 டன், 400 குதிரைத்திறன். மற்றொன்று 6 சக்கரம், 45 டன், 230 குதிரைத்திறன். இரண்டிலும் எஞ்சினின் திறனை எண்ணெய் வழியே சக்கரத்துக்குக் கடத்தும் ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷன்தான். திறன் அதிகமுள்ளதை வாங்குவதுதானே சரி?

பதில்: இல்லை. உங்கள் வளைவு இடம் கொடுக்குமானால் 45 டன் லோகோவையே வாங்குங்கள். நின்றுகொண்டிருக்கும் வேகன் வரிசையை அசைப்பதற்கு எஞ்சினின் திறனைவிடச் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்புத்தான் முதலில் தேவைப்படுகிறது. அந்தப் பிடிப்போ எஞ்சின் சுழற்றும் இயக்கச் சக்கரங்களின் மீது இறங்கும் எடையைப் பொறுத்தது. உலர்ந்த தண்டவாளத்தில் எடையில் கால் பங்கு அளவுக்கு இழுவிசை கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மழையிலோ எண்ணெய் படிந்த இடத்திலோ அது 15 சதவீத அளவுக்கு இறங்கிவிடும்.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். நிலையிலிருந்து அசைப்பதற்கு டன்னுக்கு 6 கிலோ, ஏற்றத்துக்கு 5 கிலோ, வளைவுக்கு 3 கிலோ என ஒரு டன்னுக்கு 14 கிலோ விசை வேண்டும் என்று கொண்டால், லோகோவையும் சேர்த்து இழுக்க ஏறத்தாழ 6 டன் விசை தேவை. 28 டன் லோகோ உலர்ந்த நாளில் 7 டன் தரும். மழை நாளில் 4.2 டன்தான், அதாவது ஏற்றத்தில் நின்றுவிட்டால் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. 45 டன் லோகோ மழையிலும் 6.75 டன் தரும். மணல் தூவிச் சமாளிக்கலாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். மணல் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அன்றாட வேலையே மணலை நம்பி நடக்க வேண்டியிருந்தால், அந்த லோகோ அந்த வேலைக்குப் போதவில்லை என்றே பொருள்.

திறனுக்கு வருவோம். 6.2 டன் விசையுடன் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் 92 குதிரைத்திறன் போதும். ஹைட்ராலிக் டிரான்ஸ்மிஷனில் எண்ணெய் வழியே திறனைக் கடத்தும் பகுதியான டார்க் கன்வர்ட்டர் இந்த வேகத்தில் பாதியை வெப்பமாக வீணாக்கினாலும் 230-க்குள் அடங்கிவிடும். மறுபுறம், அந்த 28 டன் லோகோவின் திறனில் முக்கால் பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்வதாகக் கொண்டால்கூட, வேகம் 11 கி.மீ.யைத் தாண்டும்வரை முழுத் திறனையும் உலர்ந்த தண்டவாளத்தில் இறக்கவே முடியாது. சைடிங்கில் அந்த வேகத்தை நீங்கள் விரும்பவும் மாட்டீர்கள்.

இந்த வகை லோகோக்களின் வரலாறு முழுவதிலும் இதே கணக்கைக் காணலாம். வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் டீசல்-எலெக்ட்ரிக் ஷண்டராகக் கருதப்படுவது, 1925-இல் அமெரிக்காவின் சென்ட்ரல் ரெயில்ரோடு ஆஃப் நியூ ஜெர்சி பெற்ற 1000 எண் லோகோ. அதன் திறன் 300 குதிரைத்திறன்தான். எடையோ அமெரிக்க அளவில் (ஒரு டன் 2,000 பவுண்டு) 60 டன். பிரிட்டனில் 1952 முதல் 1962 வரை 996 எண்ணிக்கையில் கட்டப்பட்ட கிளாஸ் 08 ஷண்டர், சுமார் 50 டன் எடையும் 350 குதிரைத்திறனும் கொண்டது. இந்தத் திறனை வைத்துக்கொண்டு அது ஏறத்தாழ 16 டன் உச்ச இழுவிசை தந்ததற்குக் காரணம், வேகத்தைத் துணிந்து விட்டுக்கொடுத்து, சுழற்சியை இரு கட்டமாகக் குறைத்து விசையைக் கூட்டிய இரட்டைக் குறைப்புக் கியரும், 6 சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்து எந்த ஒரு ஜோடியும் தனியாக வழுக்காமல் பார்த்துக்கொண்ட இணைப்புத் தண்டுகளுமே.

எடை எல்லாச் சமயத்திலும் பொறியாளரின் முடிவாக மட்டுமே இருந்ததில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் 1940-இல் கொண்டுவந்த 44 டன் லோகோவின் எடை ஒரு தொழிலாளர் ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்பட்டது. இயக்கச் சக்கரங்களின் மீது 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடை கொண்ட லோகோவில் ஓட்டுநருடன் ஃபயர்மேனும் (நீராவி எஞ்சினில் அடுப்பெரிப்பவர்) இருக்க வேண்டும் என்பது 1937-இல் ஏற்பட்ட உடன்பாடு. 44 அமெரிக்க டன் என்பது 88,000 பவுண்டு. டீசல் லோகோவில் ஃபயர்மேனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஜெர்மனியின் கோஃப் என்ற சிறு ஷண்டர் வகை இதற்கு நேர்மாறான திசையில் போயிற்று: சிறு நிலையங்களில் ஓரிரு வேகன்களைப் பிரித்துச் சேர்ப்பதற்காக, சரக்கு வண்டியின் பெரிய எஞ்சின் காத்துக் கிடக்கக் கூடாது என்பதே நோக்கம் என்பதால், 17 டன் அளவிலேயே போதும் என்று விட்டார்கள். 5 வேகன் இழுக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

பிரேக்கையும் மறந்துவிட வேண்டாம். ஷண்டிங்கில் பெரும்பாலும் வேகன்களின் ஏர் பிரேக்கை இணைப்பதில்லை; லோகோவின் பிரேக் மட்டுமே முழு வரிசையையும் நிறுத்தியாக வேண்டும், அதற்கும் எல்லை அதே பிடிப்புத்தான். அந்தச் சரிவில் மழை நாளில் 10 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது முழுப் பிரேக் பிடித்தால், உருளல் தடையைச் சேர்க்காமல் பார்த்தால், 45 டன் லோகோ சுமார் 40 மீட்டரில் நிற்கும். மற்றது 80 மீட்டரைத் தாண்டும்.

இனி 6 சக்கர லோகோவின் குறைகள். அச்சுப் பளுவில் பெரிய வித்தியாசமில்லை. இதற்கு 15 டன், அதற்கு 14 டன். ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடுதல் என்பதால் கூர்மையான வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசித் தேய்க்கும், பாதை தளர்ந்திருந்தால் தடம் புரளவும் கூடும். ஆகவே உங்கள் வளைவின் ஆரத்தை அளந்து, அந்த லோகோ திரும்பக்கூடிய குறைந்தபட்ச ஆரத்துடன் ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

பார்வையிடப் போகும்போது, லோகோவை எடைமேடையில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். எடைக்காக லோகோவின் அடிச்சட்டத்துக்குள் வைக்கப்பட்ட இரும்புப் பாளங்களைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்து விற்றுவிட்டவர்களும் உண்டு. பிறகு, பிரேக் போட்ட வேகன்களுடன் இணைத்துச் சில நிமிடங்கள் மெதுவாக இழுக்கவிட்டு, டிரான்ஸ்மிஷன் எண்ணெயின் வெப்பநிலை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஷண்டிங் எஞ்சின் தன் ஆயுளின் பெரும்பகுதியை ஐட்லிங்கில் (சுமையின்றி நின்றபடி ஓடுவதில்) கழிப்பதால், எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டர் குறைவாகக் காட்டினாலும் உள்ளே கரி படிந்திருக்கலாம். அந்த இழுவையின்போது புகைபோக்கியில் கறுப்புப் புகை தணியாமல் வந்துகொண்டே இருந்தால், இஞ்செக்டர்களையும் சிலிண்டர்களையும் திறந்து பார்க்கும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.