எடிட்டிங் என்றால் வெட்டுவது மட்டும்தானா?

கட்டுரைக்குச் செய்யும் எடிட்டிங்கும் படத்துக்குச் செய்யும் எடிட்டிங்கும் ஒரே வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் பெயரே வேறு வேறு. எழுத்துக்குச் செம்மையாக்கம், படத்துக்குப் படத்தொகுப்பு. சுவடிகளை ஒப்பிட்டு உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டாரே, அது பதிப்பித்தல். பிழைதிருத்தம் கடைசிப் படி. அதையே எடிட்டிங் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

நான் சென்னை ராயபுரத்துக்காரன், காசிமேடு எங்கள் பக்கம்தான். நண்பர் ஒருவர் எழுதித் தந்த வரி இது: "காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை வேளையில் மீன்கள் ஏலம் விடப்படுவது வழக்கமாக நடைபெறுகிறது." அதை, "காசிமேட்டில் விடிவதற்குள் ஏலம் தொடங்கிவிடும்" என்று மாற்றினேன். "மீனைக் காணோமே" என்றார். அடுத்த வரியிலேயே வஞ்சிரம் வருகிறது, அப்புறம் எதற்கு?

சரி, அதே ஏலத்தைப் படமாக எடுத்தால்? திரையில் இருட்டுக் கடல். ஏலம் கூவும் குரல் மட்டும் முதலில் கேட்கட்டும். இரண்டு நொடி கழித்துத்தான் ஆளின் முகம். இதை ஜே கட் என்பார்கள். இங்கே எதையும் குறைக்கவில்லை, ஒலியை முன்னால் நகர்த்தினோம், அவ்வளவுதான். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம், 24 தனித்தனிப் படங்கள். ஆறு ஃபிரேம், அதாவது கால் நொடி, முன்பின் ஆனாலே ஒரு பார்வை தயக்கமாகவோ முறைப்பாகவோ மாறிவிடும். எழுத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி செய்கிறது. கமாவை நான் அவ்வளவாக நம்புவதில்லை.