கணவர் லண்டனில், நான் பெங்களூருவில்: யூகே ஸ்பௌஸ் விசாவுக்கு எதை முதலில் தயார் செய்ய வேண்டும்?

கேள்வியில் இருந்த விவரம் இது: போன ஆண்டு கும்பகோணத்தில் திருமணம். கணவருக்கு ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்கிறது. அவர் புது வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மனைவிக்குப் பெங்களூருவில் ஐடி வேலை, நல்ல சம்பளம். "இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டிவிடலாம்" என்கிறாராம் ஏஜென்ட்.

ஏஜென்ட் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அது தவறு. நீங்கள் இந்தியாவில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கும்போது உங்கள் இந்தியச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் வராது. ஏற்கெனவே வேலை செய்யும் அனுமதியோடு யூகேயில் இருப்பவரின் சம்பளத்தைத்தான் துணையின் சம்பளத்தோடு சேர்ப்பார்கள். உங்கள் விஷயத்தில் கணவரின் வருமானம் மட்டுமே. ஆனால் உங்கள் சேமிப்பு செல்லும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாகவோ ஐஎல்ஆர் உள்ளவராகவோ இருந்தால்தான் பொதுவாக இந்த ஸ்பௌஸ் விசா. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், அதாவது வேலைக்கான விசாவில், போனவரின் துணை எடுப்பது டிபென்டென்ட் விசா. ஸ்பௌஸ் விசாவுக்குள்ள 29,000 பவுண்டு வருமான நிபந்தனை அதற்குக் கிடையாது, ஆங்கிலத் தேர்வும் கிடையாது. துணைக்கென்று 285 பவுண்டு 28 நாள் வங்கியில் இருக்க வேண்டும், அல்லது வேலை கொடுத்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவே. ஆனால் 2024 மார்ச் 11 முதல் கேர் வொர்க்கராக, அதாவது முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் வேலைக்கு, விண்ணப்பித்துப் போனவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப் குழுக்களில் இந்த இரண்டு விசாவின் பட்டியலையும் கலந்து அனுப்புகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இனி பணம். ஸ்பௌஸ் விசாவில் பலரும் சறுக்குவது இங்கேதான்.

கணவரின் வரிக்கு முந்தைய ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் இந்தத் தொகை. பழைய பதிவுகளில் 18,600 என்று பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள், அது அந்தத் தேதிக்கு முன்பே இந்த வழியில் விண்ணப்பித்தவர்களுக்கு. ஒரே நிறுவனத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் கேட்டகரி ஏ. அந்த ஆறு மாதத்தில் எந்த மாதம் சம்பள விகிதம் குறைவோ அதை ஆண்டுக்குக் கணக்கிடுவார்கள். போன மாதம் கிடைத்த உயர்வு உதவாது.

ஆறு மாதம் ஆகாதவர் கேட்டகரி பி. இதில் இரண்டு சோதனை. இப்போதைய சம்பளம் 29,000-ஐத் தாண்ட வேண்டும். அதோடு, கடந்த 12 மாதத்தில் உண்மையிலேயே கைக்கு வந்த மொத்தச் சம்பளமும் வரிக்கு முன் 29,000-ஐத் தாண்ட வேண்டும். பழைய வேலையில் ஆண்டுக்கு 27,000, புது வேலையில் 34,000 என்று வையுங்கள். நான்கு மாதப் புதுச் சம்பளம் 11,333, எட்டு மாதப் பழைய சம்பளம் 18,000, மொத்தம் 29,333. மயிரிழையில் தேறுகிறது. இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு மாதம் சும்மா இருந்திருந்தால் 27,083. போச்சு. இப்போது 34,000 வாங்குகிறாரே என்று யாரும் இரங்க மாட்டார்கள். அதனால் உங்களுக்கு என் பரிந்துரை: இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, ஆறு முழு மாதப் பே ஸ்லிப் கைக்கு வந்ததும் கேட்டகரி ஏ-யில் போடுங்கள். மாத நடுவில் சேர்ந்திருந்தால் முதல் ஸ்லிப் அரைச் சம்பளமாக இருக்கும். அதை ஆறில் ஒன்றாக எண்ண வேண்டாம், ஏழாவது ஸ்லிப் வரட்டும்.

கேட்டகரி ஏ-க்கு வேண்டியவை ஆறு மாதப் பே ஸ்லிப், அதே ஆறு மாதத்துக்கு வங்கி ஸ்டேட்மெண்ட், நிறுவனத்தின் கடிதம். கடிதத்தில் நான்கு விஷயம் கட்டாயம்: வேலையும் ஆண்டுச் சம்பளமும், எத்தனை நாளாக வேலை, இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா. ஹெச்ஆர் தரும் வழக்கமான கடிதத்தில் மூன்றாவது விஷயம் விட்டுப்போயிருக்கும். வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுத்துக் கேட்பது நல்லது. பே ஸ்லிப்பில் நிகரமாக 2,214.60 என்றால் ஸ்டேட்மெண்டிலும் அதே 2,214.60 வரவு இருக்க வேண்டும். சம்பளம் இரண்டு கணக்கில் பிரிந்து விழுந்தால் இரண்டு ஸ்டேட்மெண்டையும் வையுங்கள். ஆப்பிலிருந்து இறக்கிய ஸ்டேட்மெண்ட் என்றால் பக்கத்துக்குப் பக்கம் வங்கி முத்திரை, இல்லாவிட்டால் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் வங்கிக் கடிதம் வாங்கிவிடச் சொல்லுங்கள்.

28 நாள் விதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். கடைசி ஸ்டேட்மெண்டும் கடைசிப் பே ஸ்லிப்பும் நிறுவனக் கடிதமும் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் கட்டணம் கட்டிய நாள். கைரேகை கொடுக்கப் போகும் நாள் அல்ல. எல்லாம் சேர்த்து வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்து ஒரு மாதம் தள்ளினால் மறுபடி கடிதம் கேட்டு அலைய வேண்டியதுதான்.

சேமிப்பு. சம்பளம் குறையும்போது இது கைகொடுக்கும். முதல் 16,000 பவுண்டைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அதற்கு மேல் உள்ளதை 2.5-ஆல் வகுத்தால் வருவது வருமானத்தோடு சேரும். கணவருக்கு 25,000 என்றால் குறைவது 4,000. அதை 2.5-ஆல் பெருக்கி 16,000-ஐக் கூட்டினால் 26,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்ட 88,500. இந்தப் பணம் உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ இரண்டு பேர் பெயரிலோ இருக்கலாம், பெங்களூரு வங்கியில் இருந்தாலும் சரி. ஆனால் ஆறு மாதம் முழுக்க இருந்திருக்க வேண்டும், அந்த ஆறு மாதத்தில் இருப்பு மிகக் குறைந்த நாளின் தொகையே கணக்கு. நினைத்தவுடன் உடைக்க முடிகிற எஃப்டி செல்லும். பிஎஃப், நகை, மனை, மியூச்சுவல் ஃபண்ட் எதுவும் செல்லாது. விற்றுப் பணமாக்கினால்தான் பேச்சு. மாமனார் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் ஏற்பார்கள், ஆனால் அது கடனில்லை என்ற கடிதமும் வந்த வழியும் வேண்டும். கணவர் சுயதொழில் செய்பவராக இருந்தால் சேமிப்பைச் சேர்க்கவே முடியாது, கணக்கே வேறு.

அடுத்து, நம் தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி: இனிஷியல். பாஸ்போர்ட்டில் சுதா குமாரசாமி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கே. சுதா, வங்கியில் சுதா கே, திருமணச் சான்றிதழில் வெறும் சுதா. நமக்கு நாலும் ஒரே ஆள். அதிகாரிக்கு நாலு பெயர். விண்ணப்பத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே. 'வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா' என்ற கேள்விக்குக் கூச்சப்படாமல் மற்ற வடிவங்களையெல்லாம் போடுங்கள். நாலும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் எடுத்து இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. வங்கிப் பெயரை இப்போதே கேஒய்சி மூலம் பாஸ்போர்ட்டுக்கு ஏற்பத் திருத்துவது இன்னும் மேல்.

திருமணத்துக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். மண்டப ரசீதும் கோயில் ரசீதும் துணைக்கு வரலாம், தனியே நிற்காது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. திருமணத் தேதி கேட்கும் இடத்தில் தாலி கட்டிய தேதியைப் போடுங்கள், பதிவுத் தேதியை அல்ல. இரண்டும் சான்றிதழில் இருக்கும், பலர் மாற்றிப் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் இல்லாத எந்தத் தாளுக்கும், தமிழானாலும் கன்னடமானாலும், மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், 'இது சரியான மொழிபெயர்ப்பு' என்ற உறுதிமொழி இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் போதாது. முன்பு ஒரு திருமணம் முறிந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் தேவை, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதிய தாளை நம்பிப் போகாதீர்கள்.

உறவு உண்மை என்று காட்ட 400 பக்கச் சாட் பிரிண்ட் வேண்டாம். யாரும் படிப்பதில்லை. பத்துப் பதினைந்து படம், கீழே தேதியும் இடமும் உடன் இருப்பவர் யார் என்பதும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் தொலைபேசி அழைப்புப் பட்டியல். அவர் வந்துபோன விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்கள். பணம் அனுப்பியிருந்தால் அதன் பதிவு. பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம், சேர்ந்து வாழ்ந்ததில்லை என்பது குறையே அல்ல. யார் மூலம் பேசி முடித்தது, முதலில் நேரில் பார்த்தது எப்போது, இப்போது ஏன் தனித்தனியே என்று ஒரு பக்கக் கடிதம், இருவரும் தனித்தனியே. இரண்டு கடிதத்திலும் தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

தங்குமிடத்துக்கு வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் போதும். நண்பர்களோடு பகிர்ந்த வீடானாலும் உங்களுக்கென்று தனி அறை இருந்து, இட நெருக்கடி இல்லையென்றால் ஏற்பார்கள்.

ஆங்கிலத்துக்கு ஏ1 நிலை, அதாவது தொடக்க நிலை, பேச்சும் கேட்டலும் மட்டும். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்றால் தேர்வாளரும் இன்னொரு தேர்வரும் எதிரில் இருக்க 16 முதல் 18 நிமிடப் பேச்சு. யூகே விசா துறையான யூகேவிஐ அங்கீகரித்த தேர்வுதானா என்று பார்த்துப் பதியுங்கள். கனடாவுக்கு எழுதிய சாதாரண ஐஇஎல்டிஎஸ் செல்லாது. உங்களைப் போல ஐடி வேலையில் இருப்பவர் நேரே இரண்டு படி மேலான பி1 எழுதிவிடலாம். இரண்டரை வருடம் கழித்து நீட்டிக்க ஏ2 கேட்பார்கள், அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆங்கில வழிப் பட்டத்தைக் காட்டலாம், ஆனால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் அமைப்பின் உறுதிப்பாடு வேண்டும். கல்லூரியில் பயிற்றுமொழிச் சான்று வாங்க ஆகும் அலைச்சலைப் பார்த்தால் தேர்வே சுலபம்.

டிபி, அதாவது காசநோய்ப் பரிசோதனை யூகே அங்கீகரித்த மருத்துவமனையில் மட்டும். பெங்களூருவில் எது என்பது யூகே அரசின் கவ்.யூகே தளத்துப் பட்டியலில் இருக்கிறது. ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் லண்டன் முகவரியையும் எடுத்துப் போங்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சின்ன நிழல், பழைய தழும்பாகவே இருந்தாலும், சளி மாதிரி மூன்று எடுத்து, கிருமி வளர்கிறதா என்ற சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகலாம். முன்பு டிபி வந்து குணமானவர்கள் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. கருவுற்றிருந்தால் அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டணம்: 2025 ஏப்ரல் நிலவரப்படி விசாவுக்கு 1,938 பவுண்டு. விசா 33 மாதத்துக்கு, அந்தக் காலத்தில் அங்கே அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான மருத்துவக் கட்டணம் 3,105. மொத்தம் 5,043, நம் பணத்தில் ஆறு லட்சத்தை ஒட்டி. ஏப்ரலில் கட்டணம் ஏற்றுவது வழக்கம் என்பதால் கட்டும் முன் ஒருமுறை பாருங்கள். இந்திய கார்டில் வெளிநாட்டு வரம்பு குறைவாக இருந்தால் பரிவர்த்தனை தோற்கும், கணவரின் கார்டிலேயே கட்டச் சொல்வது சுலபம். மறுத்தால் மருத்துவக் கட்டணம் திரும்ப வரும், விசாக் கட்டணம் வராது.

பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கும் பெங்களூரு விஎஃப்எஸ் மையத்தில் படமும் பத்து விரல் ரேகையும். ஆவணங்களை நீங்களே முன்கூட்டி ஏற்றிவிடுங்கள், அங்கே ஸ்கேன் செய்யக் காசு. கைபேசியில் எடுத்த சாய்ந்த படம் வேண்டாம், வண்ண ஸ்கேன், ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே பிடிஎஃப். பெரும்பாலும் நேர்காணல் இருக்காது, உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கோப்புகள்தான். எந்த நாட்டு விசாவாவது முன்பு மறுக்கப்பட்டிருந்தால், பத்து வருடத்துக்கு முந்தைய அமெரிக்க டூரிஸ்ட் விசாவானாலும், எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் பத்து ஆண்டுத் தடை வரை போகும். ஏஜென்ட் நிரப்பித் தந்தாலும் கையெழுத்து உங்களுடையது. கட்டணம் கொடுத்து ஆலோசனை வேண்டுமென்றால் யூகேயில் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவுபெற்றவரையோ சொலிசிட்டரையோ (வழக்கறிஞரையோ) கணவர் அங்கேயே பிடிக்கட்டும்.

முடிவுக்குப் பொதுவாக 12 வாரம் என்று சொல்கிறார்கள். உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், இன்றே ராஜினாமா கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுக்காதீர்கள். கூடுதல் ஆவணம் கேட்டால் அந்த 12 வாரம் நீளும். வாடகை வீட்டைக் காலிசெய்து அட்வான்ஸைத் திரும்பக் கேட்பதும் முடிவு வந்த பிறகுதான். நடுவில் விசிட் விசாவில் போய் அங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாம் என்றும் யாராவது சொல்வார்கள், சட்டத்தில் அதற்கு இடமில்லை. மறுப்பு வந்தால் வெளிநாட்டிலிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாள். ஒரு தாள் விடுபட்டதுதான் காரணம் என்றால் மேல்முறையீட்டை விட, பணம் போனாலும், புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.