அப்பாவிடம் முதலில் கேட்டீர்களா?

கேள்வி: டெக்ஸாஸில் ஃபிசிஷியன் அசிஸ்டென்டாக, அதாவது டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்ப்பவராக இருக்கிறேன். இதே படிப்பு படிக்கும் மாணவர்களுக்குக் கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடமும் எடுக்கிறேன். லைசென்ஸுக்கான பான்ஸ் தேர்வு எழுதுபவர்களுக்காக வாராவாரம் பாட்காஸ்ட் செய்கிறேன். இப்போது கல்லூரி முழுநேர வேலைக்குக் கூப்பிடுகிறது. கணவர் பாட்காஸ்டை நிறுத்து என்கிறார். எங்களோடு இருக்கும் அப்பாவின் சர்க்கரைப் புண்ணை வைத்துப் போட்ட எபிசோடைத்தான் இதுவரை அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். காரில் அதைக் கேட்ட அப்பாகூட, “இது என் காலுதானே கண்ணு?” என்று சிரித்தார். இந்த நேரத்தில் எதை விடுவது?

பதில்: எதை விடுவது என்று கேட்டு மாதாமாதம் கடிதங்கள் வருகின்றன. அதைக் கடைசியில் பார்ப்போம். அப்பா சிரித்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டு நீங்கள் அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சிரிக்காமல் வேறென்ன செய்வார்? காரை ஓட்டுவது மகள். இருப்பது மகள் வீடு. காலில் உணர்ச்சி குறைவது, அழுகினால் விரலை எடுப்பது, இதெல்லாம் இல்லாமல் அந்தப் பாடம் இருந்திருக்காது. முகம் தெரியாத மாணவர்கள் கேட்டதை அவரும் கார் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். முன்னதாக அவரிடம் சொன்னீர்களா, சம்மதம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெயர் சொல்லவில்லையே என்பீர்கள். கிளினிக்குக்கு வரும் ஒருவரைப் பற்றி, காரில் அவர் பக்கத்தில் இருக்கும்போது, இப்படிப் போட்டுக் காட்டுவீர்களா? அங்கே நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் இருக்கிறது, பயப்படுவீர்கள். அப்பாவுக்கு அந்தச் சட்டம் துணை வராது. மகள்தானே என்று நம்பித்தான் காலை நீட்டிக் காட்டினார்.

1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரோடு உங்கள் படிப்பைத் தொடங்கியதை நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். டாக்டர்கள் போதவில்லை, நோயாளியைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கற்றுத்தருகிற நீங்கள், பெற்றவரிடம் பேசுவதற்கு முன் மைக்கிடம் பேசியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, அம்மா.

இன்றைக்கு ராத்திரி போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவர் காலை மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, பாதத்தின் மேல்பக்க நாடி. வகுப்பில் காட்டும் அந்தப் பத்து கிராம் மோனோஃபிலமென்டை, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் அந்த நைலான் இழையை, அவர் பாதத்தில் வைத்து, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று அவருக்கே புரியவையுங்கள். வலிக்கவில்லையே என்று நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து என்று சொல்லுங்கள். வீட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்று வளர்ந்தவர், வெறுங்காலோடுதான் நடப்பார். உள்ளே போட மட்டும் மெத்தென்று ஒரு ஜோடி வாங்கி நீங்களே மாட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்த எபிசோடைப் பற்றிக் கேளுங்கள். உடனே “இருக்கட்டும் கண்ணு” என்பார். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கினாலும் எடுத்துவிடுங்கள், எத்தனை பேர் கேட்டிருந்தாலும் சரி.

சரி, வேலை விஷயம். கல்லூரி வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாள் கிளினிக் உண்டு என்று எழுதி வாங்குங்கள். நோயாளியைத் தொடாமல் சில வருடம் போனால் ஆசிரியர் புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். பாட்காஸ்ட் பற்றிக் கணவர் சொல்வது பாதி சரி. பான்ஸ் தேர்வின் 300 கேள்விகளுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு உங்கள் குரல் உதவும், ஆனால் வாராவாரம் வேண்டியதில்லை. மாதம் இரண்டு போடுங்கள். வீட்டு ஆட்களின் உடம்பு இனி அதில் வர வேண்டாம்.