32,000 ரூபாய் லென்ஸ் போட்டால் தலைசுற்றாதா?

கேள்வி: எனக்கு 47 வயது. வங்கியில் கவுன்டர் வேலை, நாள் முழுக்க கம்ப்யூட்டர். போய்வர ஸ்கூட்டி. தூரத்துக்கு ப்ளஸ் 0.75, படிக்க ஆட் (தூரப் பவரோடு கூட்டும் பவர்) 1.50 என்று எழுதியிருக்கிறார்கள். கடையில் தூரம், படிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸான ப்ரோக்ரெசிவ் லென்ஸில் 7,000, 15,000, 32,000 என்று மூன்று ரகம் காட்டி, விலை கூடியதில்தான் தலைசுற்றல் வராது என்கிறார்கள். என் அக்கா 18,000 கொடுத்து வாங்கியது அலமாரியில் கிடக்கிறது. நான் எதை வாங்குவது? போன மாதம்தான் சுகருக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் கடைக்காரர் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போதைக்கு மூன்றில் எதையும் வாங்காதீர்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதும், மருந்தால் இறங்கும்போதும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் நீர் கூடிக் குறையும். அதோடு பவரும் மாறும். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பவர் ப்ளஸ் பக்கம் நகர்ந்து, பிறகு தானாகவே திரும்புவது சாதாரணம். உங்கள் சீட்டில் உள்ள 0.75 உண்மையான எண்ணாகவும் இருக்கலாம், மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம். சர்க்கரை அளவு ஒரு நிலைக்கு வந்து ஒன்றரை மாதமாவது ஆகட்டும். அப்புறம் பவர் பாருங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் கண்ணாடிக்குக் கொடுங்கள். அதுவரை படிக்க, கடையில் ரெடியாகக் கிடைக்கும் ரீடிங் கண்ணாடி போதும். சில நூறு ரூபாய்தான். இன்னொன்று: சுகர் என்று தெரிந்த உடனே, பவர் எப்படி இருந்தாலும், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். கடையில் செய்யும் ‘இலவச கம்ப்யூட்டர் டெஸ்ட்’ அதைப் பார்ப்பதில்லை, கண் அழுத்தத்தையும் பார்ப்பதில்லை. அந்த இயந்திரம் துப்பும் சீட்டு, பவர் எழுதுவதற்கான ஆரம்பக் கணக்கு மட்டுமே. அதையே பிரிஸ்கிரிப்ஷனாக நீட்டுகிற கடைகள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன.

சரி, விலைக்கு வருவோம். ப்ரோக்ரெசிவில் மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர் தூரம், கீழே படிப்பது. கோடு இல்லாமல் பவர் படிப்படியாக ஏறுவதால் இரு ஓரங்களிலும் மங்கல் இருந்தே தீரும். எந்தக் கம்பெனியாலும் அதை ஒழிக்க முடியாது, இடம் மாற்றிப் பரப்பத்தான் முடியும். விலை கூடக்கூட, தெளிவாகத் தெரியும் நடுப்பாதை ஓரளவு அகலும், அவ்வளவுதான். உங்கள் ஆட் 1.50தான் என்பதால் ஓர மங்கலும் குறைவு. 60 வயதில் 2.50 ஆட் போடுபவருக்குத்தான் விலை வித்தியாசம் நன்றாகத் தெரியும். உங்களுக்கு நடு ரகம் தாராளம். ‘எச்.டி’, ‘டிஜிட்டல்’, ‘ஃப்ரீஃபார்ம்’ என்ற சொற்களுக்கு மயங்காதீர்கள். ஃப்ரீஃபார்ம் என்பது லென்ஸை வெட்டும் முறை, அதிலேயே நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. கணினிக்காக, நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் பூச்சு என்று தனியாக வாங்கும் காசும் வீண். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கண் அயர்ச்சி அதனால் குறைவதாகத் தெரியவில்லை.

உங்கள் அக்காவின் கண்ணாடி அலமாரிக்குப் போனதற்கு, பெரும்பாலும் லென்ஸ் காரணமாக இருக்காது. அளவெடுத்தவர்தான் காரணம். மூக்கின் மேல் ஸ்கேலை வைத்து, இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் ‘62’ என்று ஒரே எண் எழுதிக்கொண்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். முதலில் ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து, உங்கள் முகத்துக்கு வளைத்துச் சரிசெய்து மாட்ட வேண்டும். பிறகு உங்கள் கண்ணுக்கு நேர் உயரத்தில் அவர் உட்கார்ந்து, ஃப்ரேமிலேயே இருக்கும் டம்மி லென்ஸில் இரண்டு கண்மணிக்கும் தனித்தனியாகப் புள்ளி வைக்க வேண்டும். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ள தூரம், ஃப்ரேமின் அடியிலிருந்து புள்ளி வரை உள்ள உயரம் – இரண்டும் எழுதப்பட வேண்டும். அந்த உயரம், அந்த லென்ஸுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவைவிடக் குறைந்தால், படிக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் லென்ஸை மாட்டுவார்கள். ஆகவே ஃபேஷனுக்காக ஒடுங்கிய ஃப்ரேம் வேண்டாம். இந்த அளவுகள் இல்லாமல் ஆன்லைனில் ப்ரோக்ரெசிவ் வாங்குவது குருட்டாம்போக்கு. பெரிய ஆஸ்பத்திரி சீட்டுகளிலும் பவரோடு நிறுத்திவிடுகிறார்களே தவிர, கண்மணி தூரத்தைப் பெரும்பாலும் எழுதித் தருவதில்லை. கண் பரிசோதகர்கள் (ஆப்டோமெட்ரிஸ்ட்) உள்ளிட்டோரை முறைப்படுத்த 2021இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கடைத்தெருவில் அதன் நிழல்கூட இன்னும் விழவில்லை.

கண்ணாடி வாங்கும் அன்று லென்ஸின் மேல் மையில் குறிகள் இருக்கும். “துடைக்காமல் கொடுங்கள்” என்று முன்பே சொல்லிவையுங்கள். மாட்டிக்கொண்டு நேராகப் பாருங்கள்: சிலுவைக் குறி கண்மணியின் மேல் நிற்க வேண்டும். அப்புறம் துடைத்துவிட்டு, லென்ஸில் ஊதி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு குட்டிக் குறிகள் தெரியும். காதுப் பக்கக் குறியின் கீழே உங்கள் ஆட், மூக்குப் பக்கம் கம்பெனியின் அடையாளம். லென்ஸோடு தரும் அட்டையில் ஒரு பெயர், லென்ஸில் வேறு அடையாளம் என்றால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அபார்ட்மென்ட் வாசலில் முகாம் போட்டு, ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று விற்பவர்களிடம் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அடுத்த வாரம் அந்த ஆளைத் தேட முடியாது.

போட்ட பிறகு இரண்டு வாரம் பழைய கண்ணாடியைத் தொடாமல் இதையே மாட்டுங்கள். படியிறங்கும்போது தாடையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பழகும்வரை ஸ்கூட்டி வேண்டாம். அதற்குப் பிறகும் படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருந்தால் லென்ஸ் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. தூரம் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருந்தால் உயரமாக. கவுன்டரில் மட்டும் கழுத்து வலித்தால், வேலை நேரத்துக்கு, கம்ப்யூட்டர் தூரத்துக்கும் படிப்பதற்கும் மட்டுமான ஆஃபீஸ் லென்ஸ் ஒன்று தனியாகப் போடலாம், ஆனால் அதோடு வண்டி ஓட்டக் கூடாது. பழகாவிட்டால் மாற்றித் தரும் உத்தரவாதம் பல லென்ஸ் கம்பெனிகளிடம் உண்டு. எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்பதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள். அக்காவின் பில்லையும் எடுத்துப் பாருங்கள், நாள் இன்னும் மிச்சமிருக்கலாம்.