வெள்ளைப் பூவா, செவ்வரளியா?

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வெள்ளகோவில் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகளுக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, அனுப்பலாமா என்று குலதெய்வக் கோயிலில் வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு ஒன்றை எடுத்துப் பூக்கட்டிப் பார்த்தோம், வேண்டாம் என்று செவ்வரளி வந்தது. மனம் கேட்காமல் அடுத்த வாரம் மறுபடியும் கேட்டேன், சரி என்று வெள்ளை வந்தது. மகள் இப்போது விடுதியில் இருக்கிறாள். முதல் வாக்கை மீறிவிட்டேனோ என்ற அச்சத்தில் வீட்டுப் பூசை அறையில் தினமும் நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் தாளில் மடித்துப் போட்டு எடுக்கிறேன். கறவை மாட்டை விற்பதா என்பதற்குக்கூட நாலைந்து முறை எடுத்தும் முடிவுக்கு வர முடியவில்லை. சாமி சொன்னபடி நடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை. ஆனால் சாமி சொன்னது எது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சாமியிடம் கேட்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. என் அமுச்சியும் (அம்மாவின் அம்மா) பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்ததில்லை. உங்களுக்கு அருகிலுள்ள சிவன்மலை முருகன் கோயிலை எடுத்துக்கொள்வோம். பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் ஒரு பொருளைச் சொல்லி, அவர் வந்து கோயிலில் தெரிவித்தாலும், சந்நிதியில் பூப்போட்டுக் கேட்டு வெள்ளைப் பூ வந்தால்தான் அப்பொருள், ஆண்டவர் உத்தரவிட்டதைப் பார்வைக்கு வைக்கும் உத்தரவுப் பெட்டியில் ஏறும். எவ்வளவு தெளிவான கனவானாலும், தம் மனத்தில் தோன்றியதையே உத்தரவென்று அவர் கொள்வதில்லை. பூ எதுவாக வந்தாலும் ஏற்பதாகத்தான் கேட்கிறார். நீங்களோ சிவப்பையும் ஏற்கவில்லை, வெள்ளையையும் நம்பவில்லை. நீங்கள் தேடுவது, இனி ஒரு தீங்கும் நேராது என்ற உறுதி என்றே எனக்குப் படுகிறது. அதை எந்தப் பூவும் தருவதில்லை. இரண்டாம் முறை கேட்டது பிழையா என்று உங்கள் பூசாரியிடம் ஒரே ஒருமுறை கேட்டு, அவர் சொல்வதோடு விட்டுவிடுங்கள்.

கடிதத்தில் இன்னொன்றும் உறுத்தியது. மகள் என்ன படிக்கிறாள், அவளுக்கு அதில் விருப்பமா என்று ஒரு வரிகூட இல்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டியதைப் பூவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களோ?

பொட்டலத்தைப் பிரித்ததும் சற்று நிம்மதி, பிறகு பழைய சந்தேகம், மீண்டும் பொட்டலம் என்று இது சுழல்வதானால், எண்ணச் சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம். பக்தியின் உருவிலும் அது வரும். கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட மாட்டேன். மனநல மருத்துவரைப் பாருங்கள். தயக்கமிருந்தால் முதலில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்தும் உண்டு, கேட்கத் துடிக்கும்போது கேட்காமலிருந்து, பதற்றம் தானாகத் தணிவதைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு.

அதுவரை மாட்டில் தொடங்குங்கள். எத்தனை லிட்டர் கறக்கிறது, தீவனத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, பூப்போடாமல் முடிவெடுங்கள். அன்றிரவு தூக்கம் பிடிக்காமல் போகலாம். போகட்டும், எழுந்து பூசை அறைக்குப் போகாதீர்கள்.